செட்டியார் கடைக்குக் காய்கறி

கேள்வி: பெங்களூரு ராஜாஜிநகரில் வசிக்கிறோம். மகளுக்கு 7 வயது, மகனுக்கு 4. தசரா விடுமுறையில் கொலுவுக்கு ஏதாவது அவர்கள் கையாலேயே செய்ய வேண்டும் என்று ஆசை. போன வருடம் மைதாவையும் உப்பையும் பிசைந்து பிள்ளையார் செய்தோம். மறுநாளே பெயின்ட் அடித்தோம். இரண்டு நாளில் வயிறு வெடித்தது. கொலு எடுக்கும்போது அடியில் பூசணம். எங்கே தவறு?

பதில்: மாவில் இல்லை, கனத்தில். கனமான உருண்டையின் மேல்பக்கம் முதலில் காய்ந்து சுருங்கும். உள்ளே ஈரம் இருப்பதால் நடுப்பகுதி சுருங்காது. அந்த இழுபறியில்தான் வெடிப்பு. அதன்மேல் பெயின்டும் அடித்துவிட்டதால் மிச்ச ஈரம் வெளியேற வழியில்லாமல் அடியில் பூசணமாகிவிட்டது. பெங்களூரில் செப்டம்பரும் அக்டோபரும் மழை மாதங்கள். இங்கே எதுவும் சீக்கிரம் காயாது.

அதனால் இந்த முறை சாமி பொம்மை வேண்டாம். செட்டியார் பொம்மைக்கு முன்னால் வைக்கும் கடைக்குக் காய்கறியும் பழமும் செய்யச் சொல்லுங்கள். சின்னச் சின்ன உருப்படி, கோணலாக வந்தாலும் காய் காய்தான். மிகவும் முக்கியமாக, கடையில் எந்த நாளும் புதிதாக ஒன்றைச் சேர்க்கலாம்; படி வைக்கும் நாளுக்குள் முடித்தாக வேண்டிய அவசரம் இல்லை.

1 கப் மைதா, அரை கப் தூள் உப்பு. கல் உப்பு மட்டும் இருந்தால் மிக்ஸியில் பொடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மேல்பரப்பு நறநறவென்று இருக்கும். தண்ணீர் அரை கப்புக்குக் குறைவாகவே பிடிக்கும்; கரண்டி கரண்டியாக விட்டு, சப்பாத்தி மாவைவிடச் சற்று இறுக்கமாகப் பத்து நிமிடம் பிசையுங்கள். கையில் ஒட்டினால் தண்ணீர் அதிகம், அது வெடிக்கும். பிசைந்ததை ஈரத்துணியால் மூடி, எலுமிச்சை அளவு மட்டும் பிள்ளைகளிடம் கொடுங்கள்.

சின்னவன் தக்காளி, உருளைக்கிழங்கு என்று உருட்டட்டும். பெரியவள் கத்தரிக்காய்க்குக் கிராம்பைக் காம்பாகக் குத்தலாம், பல்குச்சியால் பூசணிக்குக் கோடு போடலாம், பாகற்காய்க்கு முள் எடுக்கலாம். எதுவும் கனத்தில் ஒன்றரை சென்டிமீட்டரைத் தாண்ட வேண்டாம். பெரிய பூசணிதான் வேண்டும் என்று அடம்பிடித்தால், அலுமினியம் ஃபாயிலைக் கசக்கி உருண்டையாக்கி, அதன்மேல் அரை சென்டிமீட்டர் கனத்துக்கு மட்டும் மாவைப் போர்த்துங்கள். இரண்டு துண்டுகளை ஒட்டும்போது இரண்டு பக்கமும் கீறி, ஒரு சொட்டுத் தண்ணீர் தடவி அழுத்துங்கள். வெறுமனே ஒட்டவைத்தது காய்ந்ததும் உதிர்ந்துவிடும். அவர்கள் செய்ததை நீங்கள் எடுத்துச் சரிசெய்யாதீர்கள். அடுத்ததைச் செய்யும் ஆசையே போய்விடும்.

முதல் நாள் வெயிலில் வைக்காமல், ஃபேன் காற்றில் கம்பி வலைத்தட்டின் மேல் வையுங்கள். காலையும் மாலையும் திருப்பிவிட வேண்டும். நான்கைந்து நாள் ஆகலாம். கன்னத்தில் வைத்துப் பாருங்கள்: ஜில்லென்றிருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. ஓடிஜி (சின்ன மின்சார அவன்) இருந்தால் ஒரு ராத்திரி காற்றில் ஆறவிட்டு, 100 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் வையுங்கள். சூட்டைக் கூட்டினால் உப்பிப் பழுப்பாகிவிடும். மைக்ரோவேவ் வேண்டாம், குமிழ் விடும்.

முழுக்கக் காய்ந்த பிறகே போஸ்டர் கலர். உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும் என்பதால், கலர் காய்ந்ததும் நீங்களே ஜன்னலைத் திறந்துவைத்து இரண்டு முறை வார்னிஷ் பூசுங்கள். அடிப்பக்கத்தையும் விடக்கூடாது.

4 வயதுப் பையன் மாவை வாயில் போட்டுப் பார்ப்பான். நுனிநாக்கில் பட்டால் துப்பிவிடுவான். ஆனால் விழுங்கினால் அவ்வளவு உப்பு குழந்தைக்கு ஆபத்து, வீட்டு நாய்க்கும்தான். பக்கத்திலேயே இருங்கள்.

கொலு முடிந்ததும் நியூஸ்பேப்பரில் சுற்றி, இறுக மூடும் டப்பாவில் வையுங்கள். அடுத்த வருடம் பிசுபிசுத்திருந்தால் குப்பையில்தான் போட வேண்டும். செடித் தொட்டியில் போட்டால் உப்பு மண்ணைக் கெடுத்துவிடும்.