கேள்வி-பதில்: கேஸ் மட்டும்தான் அடிக்கணுமாம்!

கே: கேபின் வைத்த பழைய ஜப்பான் ட்ராக்டர் ஒன்றை யார்டில் வாங்கினேன். "ஏ.சி. நல்லா இருக்கு, கேஸ் மட்டும்தான் அடிக்கணும்" என்றார் விற்றவர். அடித்தேன். மூன்று வாரத்தில் வெறும் காற்று. இரண்டாம் தரமும் அடித்தாயிற்று. இப்போது ஏ.சி. போட்டாலே எஞ்சின் சூட்டு முள்ளும் ஏறுகிறது. – வெலிமடை

ப: கேஸ் அடித்தால் போதுமென்றால் விற்றவரே அடித்து, குளிரக் காட்டி, விலையைக் கூட்டிக் கேட்டிருப்பார். அவர் அடிக்காமல் விட்டதிலேயே விஷயம் இருக்கிறது.

எத்தனை தரம் எழுதினாலும் இது தீரவில்லை, ஆகவே மறுபடியும்: ஏ.சி. கேஸ் செலவாகிற பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். பழைய மெஷினில் கம்ப்ரெசர் (கேஸை அழுத்திச் சுற்றவிடும் பம்ப்) தண்டு சீல் வழியாகவும் ஹோஸ் வழியாகவும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து, சில வருஷத்துக்கு ஒருமுறை அடிக்க நேர்ந்தால் மன்னிக்கலாம். மூன்று வாரத்தில் போனால் அது ஓட்டை. ஓட்டையைத் தேடாமல் கேஸ் அடித்துக் காசு வாங்குவது வேலை அல்ல, வசூல்.

ஓட்டை பெரும்பாலும் தன்னைக் காட்டிக்கொடுக்கும். கேஸோடு ஒயிலும் வெளியே வருவதால் அந்த இடத்தில் தூசி ஈரமாக ஒட்டியிருக்கும். கம்ப்ரெசரின் கிளட்ச்சுக்குப் பின்னால் அதன் மூக்கு, ஹோஸ் இரும்போடு நசுக்கிச் சேர்த்த இடம், கேஸின் சூட்டை வெளியே விடும் கண்டென்சரின் மூலைகள், கேஸ் அடிக்கும் வால்வு, இந்த நான்கையும் டார்ச் அடித்துப் பாருங்கள். நம் தோட்டத்துப் பாதைக் குலுக்கலில் முதலில் விடுவது ஹோஸ் மூட்டுத்தான். பிறகு பாஸிடம் (மெக்கானிக்கிடம்) இப்படிக் கேளுங்கள்: இருக்கும் கேஸை அதற்கென உள்ள மெஷினால் இழுத்து எடுக்க வேண்டும், நைட்ரஜன் ஏற்றிச் சவர்க்காரத் தண்ணீர் பூசிப் பார்க்க வேண்டும், கழற்றிய மூட்டுக்கெல்லாம் புது ஓ-ரிங், ஈரத்தை உறிஞ்சும் ட்ரையரும் புதிது. அதன்பின் அரை மணி நேரமாவது வெற்றிடம் இழுத்து, பம்பை நிறுத்தி, முள் அசையாமல் நிற்கிறதா என்று கால் மணி நேரம் பார்க்க வேண்டும். (நுவரெலியா உயரத்தில் வெற்றிட முள் 24 அங்குலத்துக்கு (பாதரச அளவு) மேல் போகாது. காற்றழுத்தமே அவ்வளவுதான். பம்ப் பழுது என்று சொல்லி இன்னொரு பில் போட்டால் ஏமாறாதீர்கள்.) கடைசியாக, கேபினிலோ மானுவலிலோ எழுதியிருக்கும் கிராம் கணக்குப்படி தராசில் வைத்து அடிக்க வேண்டும். எத்தனை கிராம் என்று பில்லில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுக்கிற கராஜ் வேண்டாம்.

எஞ்சின் சூடு ஏறுவதற்கு வருகிறேன். இரண்டாம் தரம் அடித்தவர் பழையதை எடுக்காமல் மேலே அடித்திருந்தால் கேஸ் கூடிப்போயிருக்கும். 134ஏ வகைக் கேஸ் என்றால் அழுத்தம் தாழ் பக்கம் 25–40, உயர் பக்கம் 150–250 பிஎஸ்ஐ இருக்கலாம். இரண்டு பக்கமும் இதைத் தாண்டினால், ஒன்று கேஸ் அதிகம், அல்லது கண்டென்சருக்குக் காற்றுப் போகவில்லை. பல ட்ராக்டர்களில் கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி. புல் விதை, தூசி, ஒயில் எல்லாம் சேர்ந்து அங்கே கம்பளி மாதிரிப் படிந்துவிடும். முன்னாலிருந்து பார்த்தால் சுத்தமாகத்தான் தெரியும். இருட்டியதும் ஃபேன் பக்கம் டார்ச்சைப் பிடித்து முன்னால் நின்று பாருங்கள். வெளிச்சம் வராத இடத்தில் காற்றும் வராது. பைப்பைக் கழற்றாமல், கண்டென்சரின் போல்ட்டை மட்டும் கழற்றி முன்னால் சாய்த்து, ஃபேன் பக்கமிருந்து வெளியே தள்ளுகிற மாதிரி காற்றடியுங்கள். சர்வீஸ் ஸ்டேஷன் ஹைபிரஷர் துப்பாக்கியைக் கிட்டே கொண்டுபோனால் தகடுகள் மடிந்து, அடைப்பு நிரந்தரமாகிவிடும்.

கே: கொழுந்து ஏற்றும் ட்ராக்டர். ஏற்றத்தில் தண்ணி கொதித்துத் தள்ளுகிறது. எஞ்சின் இறக்கணும் என்கிறார்கள். – தலவாக்கலை

ப: இறக்காதீர்கள். முதலில் ரேடியேட்டர் மூடியை மாற்றுங்கள், மிகக் குறைந்த செலவு அதுதான். உயரம் கூடக் கூடத் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும். நுவரெலியாவில் 94 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். 13 பிஎஸ்ஐ மூடி அந்தக் கொதிநிலையை 20 டிகிரிக்கு மேல் தூக்கிப் பிடிக்கிறது. ரப்பர் வெடித்த மூடி எதையும் பிடிக்காது. உங்கள் மெஷினுக்கு எத்தனை பிஎஸ்ஐ என்று மானுவலில் பார்த்து அதையே வாங்குங்கள். கூடினது போட்டால் ரேடியேட்டர் வெடிக்கும்.

அடுத்து ஃபேன் பெல்ட்: பெருவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் இறங்கலாம், அதற்கு மேல் கூடாது. ஃபேனைச் சுற்றிய தகரக் கூடு இருக்கிறதா? பழைய மெஷின்களில் யாராவது கழற்றி எறிந்திருப்பார்கள். அது இல்லாவிட்டால் ஃபேன் சூட்டுக் காற்றையே திரும்ப இழுக்கும். எஞ்சினை வேகமாக ஓடவிட்டுக் கீழ் ஹோஸைப் பாருங்கள். சப்பையாகிறது என்றால் உள்ளே ஸ்பிரிங் இல்லை, அல்லது ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கிறது. டிரைவரையும் கவனியுங்கள். பெரிய கியரில் எஞ்சினைத் திணறவிட்டு ஏறினால் ஃபேனும் பம்பும் மெதுவாகத்தான் சுற்றும்.

இவ்வளவும் சரியாக இருந்தால் மட்டும், குளிர்ந்த எஞ்சினில் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் பண்ணுங்கள். தண்ணீரில் விடாமல் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட் (ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) போய்விட்டது. அப்போதும் ஹெட்டைத்தான் கழற்ற வேண்டும், எஞ்சினை இறக்க வேண்டியதில்லை.

பீலித் தண்ணீர் ஊற்றுவதையும் நிறுத்துங்கள். எவ்வளவு தெளிவாக இருந்தாலும் துருவைத் தடுக்கும் மருந்து அதில் இல்லை. கூலன்ட்டும் காய்ச்சி வடித்த தண்ணீரும் பாதிக்குப் பாதி.

கே: தெர்மோஸ்டட்டைக் கழற்றி எறிந்தால் சூடு வராது என்கிறார் பாஸ். – ராகலை

ப: பாஸை மாற்றுங்கள். தெர்மோஸ்டட் என்பது எஞ்சின் சூடேறியதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வு. சில எஞ்சின்களில் தெர்மோஸ்டட்டின் அடித்தட்டுத்தான் பைபாஸ் வழியை மூடுகிறது. அதை எடுத்தால் சூட்டுத் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமலே சுற்றி, சூடு கூடும். மற்ற எஞ்சின்கள் ராகலைக் குளிரில் சூடேறாமலே ஓடித் தேயும். புதிதாக வாங்கும்போது கடையிலேயே கொதி தண்ணீரில் போட்டுப் பாருங்கள். 82 டிகிரி தெர்மோஸ்டட் மலைக் கொதி தண்ணீரிலும் நன்றாகத் திறக்க வேண்டும். பளபள பெட்டியைப் பார்த்து நான் வாங்கிய ஒன்று திறக்கவேயில்லை. மேசையில் கடிதங்கள் பறக்காமல் அதுதான் காவல்.

கே: ஃபேஸ்புக்கில் படம் பார்த்து ரேடியேட்டர் எடுத்தேன். பொருந்தவில்லை. – பண்டாரவளை

ப: அளவு கேட்டீர்களா? பில் வாங்கினீர்களா? அடுத்த தரம் பழையதைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள்.

கே: கேஸ் அளவு சரி, கம்ப்ரெசரும் பிடிக்கிறது, காற்று மட்டும் வெதுவெதுப்பு. – ஹட்டன்

ப: கேபினுக்குச் சூட்டுத் தண்ணீர் விடும் ஹீட்டர் வால்வு மூடாமல் இருக்கலாம். எஞ்சின் ஆறியிருக்கும்போது கேபினுக்குப் போகும் ஹீட்டர் ஹோஸை கிளாம்ப் போட்டு நசுக்கிவிட்டு ஓட்டிப் பாருங்கள். குளிர்ந்தால் வால்வை மட்டும் மாற்றினால் போதும். குளிராவிட்டால் கேபின் ஃபில்டரைக் கழற்றித் தட்டுங்கள்.

கே: புதுக் கம்ப்ரெசர் என்று காசு வாங்கி, பெயின்ட் அடித்த பழையதைப் போட்டிருக்கிறார்கள். பில்லில் 'புதியது' என்றே இருக்கிறது. கேட்டால் மிரட்டுகிறார்கள். – அப்புத்தளை

ப: உங்கள் மேல் ஒரு பிழையும் இல்லை. பில் கையில் இருக்கிறது, அதுவே பெரிய பலம். கம்ப்ரெசரைக் கழற்ற விடாதீர்கள். பெயின்ட் உரிந்த இடம், சீரியல் தகடு, தேய்ந்த கிளட்ச் முகம் எல்லாவற்றையும் திகதியோடு படமெடுங்கள். வேறொரு கராஜில் எழுத்தில் ஓர் அறிக்கை வாங்குங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடலாம். மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், ஆகவே "அடுத்த மாதம் பார்ப்போம்" என்று அவர்கள் இழுத்தால் காத்திருக்காதீர்கள். தொலைபேசி 1977. பில்லின் பிரதியை மட்டும் கொடுங்கள், மூலத்தை ஒருவருக்கும் கொடுக்காதீர்கள்.

கே: குளிர்ப் பிரதேசம்தானே, ஏ.சி. பெல்ட்டைக் கழற்றிவிட்டால் எஞ்சின் சூடு குறையுமா? – கந்தப்பளை

ப: அதே பெல்ட் வாட்டர் பம்பையும் சுற்றினால் பத்து நிமிஷத்தில் எஞ்சின் போகும். தனி பெல்ட் என்றால் கழற்றலாம், சூடு கொஞ்சம் குறையும். ஆனால் அடைத்த கண்டென்சர் அங்கேயேதான் நிற்கும், அதைக் கழுவாமல் பயனில்லை. மழையிலும் மூட்டத்திலும் கேபின் கண்ணாடியில் படியும் நீராவியை இழுப்பதும் ஏ.சி.தான். கழுவிவிட்டு பெல்ட்டைத் திரும்பப் போடுங்கள்.