புரட்டாசியில் பாஸ்தா கேட்கும் பிள்ளைகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இத்தாலிச் சமையலைப் பற்றித்தான். ராயபுரத்தில் உட்கார்ந்துகொண்டு இதற்கெல்லாம் பதில் எழுதுவேன் என்று நான் நினைத்ததில்லை. ஆனால் பர்மா நூடுல்ஸான அத்தோவைத் தெருவில் நின்று சாப்பிட்டு வளர்ந்த வட்டாரம் நம்முடையது. பாஸ்தாவுக்கு மிரள்வோமா என்ன?

புரட்டாசி முழுக்க எங்கள் வீட்டில் கவுச்சி கிடையாது. பிள்ளைகளோ கறி போட்ட பாஸ்தாதான் வேண்டும் என்று அடம் பிடிக்கிறார்கள். காய்கறி போட்டால் பொறுக்கி ஓரம் வைக்கிறார்கள். ஒயிட் சாஸ், சீஸ் என்று கொட்டவும் பயமாக இருக்கிறது.
– வாசகி, காசிமேடு

பொறுக்க முடியாதபடி செய்துவிட்டால் தீர்ந்தது. இத்தாலியில் பொலோஞா நகரத்துக் கறிக் குழம்பு பேர்போனது. கொத்துக்கறியை வெங்காயம், கேரட், செலரியோடு மணிக்கணக்கில் அடுப்பில் வைப்பார்கள். அந்த ருசியில் பாதி கறியில் இல்லை, நிதானமாக வதக்குவதில்தான் இருக்கிறது. அதனால் கறியை எடுத்துவிட்டு வதக்கலை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

நாலு பேருக்கு 200 கிராம் பாஸ்தா போதும். தோலோடு பழுப்பாக இருக்குமே, அந்த முழு மைசூர்ப் பருப்பு அரை கப் எடுத்து, குக்கரில் குழையாமல் வேகவையுங்கள். பெரிய வெங்காயம் ஒன்று, கேரட் ஒன்று, பூண்டு நாலு பல், எல்லாவற்றையும் பொடிப்பொடியாக நறுக்கி எண்ணெயில் சிறுதீயில் வதக்குங்கள். கால் மணி நேரமாவது ஆகும், அவசரப்படாதீர்கள். கேரட் கரைந்து வெங்காயத்தோடு ஒன்றாகி, சட்டியின் ஓரம் லேசாகப் பிடிக்க ஆரம்பிக்கும். அப்போது ஒரு பாக்கெட் காளானைப் பொடியாகக் கொத்திப் போடுங்கள். முதலில் தண்ணீர் விட்டுக்கொண்டு சொதசொதவென்று கிடக்கும். தண்ணீர் வற்றி, மறுபடி எண்ணெயில் பொரியும் சத்தம் வரும்வரை கிளறுங்கள். கறி வாசத்துக்கு ஈடாக நாக்கில் நிற்பது இதுதான். பிறகு அரைத்த தக்காளி ஆறேழு, வெந்த பருப்பு, உப்பு. இருபது நிமிடம் கொதிக்கட்டும்.

கரம் மசாலா வேண்டாம். போட்டால் குருமா ஆகிவிடும். மிளகாய் கொஞ்சம் கிள்ளிப் போடலாம், தப்பில்லை. இத்தாலியின் தெற்கே கலாப்ரியாக்காரர்கள் காரத்தில் நமக்குச் சளைத்தவர்கள் இல்லை. ஆரிகானோ பாக்கெட் தீர்ந்துபோனால் தொட்டியில் இருக்கும் கற்பூரவல்லி இலை ஒன்றே ஒன்று நறுக்கிப் போடுங்கள். இரண்டு போட்டால் கஷாயம்.

சீஸ் வேண்டும் என்று கேட்டால் தட்டில் போட்ட பிறகு மேலே கொஞ்சம் துருவிக் கொடுங்கள். சட்டிக்குள் போட்டால் நாலு மடங்கு போட்டும் கண்ணுக்குத் தெரியாது. ஒயிட் சாஸ்தான் வேண்டும் என்றால் வேகவைத்த காலிஃபிளவரைப் பால் விட்டு மையாக அரைத்து, மிளகு தட்டிப் போடுங்கள். மைதாவும் வேண்டாம், வெண்ணெயும் வேண்டாம்.

என் மாமியாருக்குச் சர்க்கரை. வீட்டில் எல்லோரும் பாஸ்தா சாப்பிடும்போது அவர் மட்டும் கோதுமைக் கஞ்சி குடிக்கிறார். அவருக்கும் கொடுக்க வழி உண்டா?
– வாசகி, பெரம்பூர்

உண்டு. அளவை மட்டும் அவருடைய டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். டியூரம் கோதுமை ரவை என்று இருக்க வேண்டும். மைதா என்று இருந்தால் கடையிலேயே வைத்துவிடுங்கள். அந்த ரவையை இறுக்கி அச்சில் பிழிந்து காயவைப்பதால், அதிலுள்ள மாவுச்சத்து வயிற்றில் மெதுவாகத்தான் கரையும். ஆனால் குழைய வேகவிட்டால் அந்த நன்மை குறைந்துபோகும். பாக்கெட்டில் போட்ட நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்னாலேயே ஒன்றைக் கடித்துப் பாருங்கள். நடுவில் லேசாகப் பல்லில் தட்டுப்பட வேண்டும். பச்சைத் தண்ணீரில் அலசவும் வேண்டாம். வெந்த தண்ணீரில் ஒரு கரண்டி எடுத்து வைத்து சாஸில் விடுங்கள், அந்தக் கஞ்சித்தன்மைதான் எண்ணெயையும் தக்காளியையும் சேர்த்துப் பிடிக்கும்.

அவருக்கு ஏற்றது பாஸ்தாவும் பயறும் சேர்ந்த சூப். இத்தாலிய வீடுகளில் மாசக் கடைசிச் சாப்பாடு மாதிரி அது. பிள்ளைத்தாய்ச்சி முதல் தாத்தா வரை எல்லோரும் குடிப்பது. இப்போது அங்கே போடும் ராஜ்மா வகைப் பயறுகள் அமெரிக்காவிலிருந்து கப்பலில் போனவை. அதற்கு முன்னால் அவர்கள் சமைத்தது நம்ம காராமணியைத்தான். தக்காளியும் அதே அமெரிக்காச் சரக்குதான், அது வேறு கதை. ஊறவைத்த காராமணியை வேகவைத்து, பாதியை மசித்துவிட்டு, பூண்டு, தக்காளி, ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை சேர்த்துக் கொதிக்கவிடுங்கள். கடைசியில் ஒரு கைப்பிடி சின்ன பாஸ்தா. ஒரு கிண்ணத்தில் பயறு முக்கால், பாஸ்தா கால் என்று இருக்கட்டும்.

நாங்கள் ஜைனர்கள். வெங்காயம், பூண்டு, கிழங்கு எதுவும் சேர்ப்பதில்லை. சீஸ் சைவமா என்றும் மாமனார் கேட்கிறார்.
– வாசகி, சௌகார்பேட்டை

மாமனார் கேட்பது நியாயமான கேள்வி. பார்மிஜானோ ரெஜ்ஜானோ என்ற அசல் பார்மசான் சீஸில் பாலைத் திரிக்கக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதியைத்தான் சேர்ப்பார்கள். அங்கே அது சட்டம், மாற்ற முடியாது. கிரானா படானோ என்ற சீஸும் அப்படியே. நம்ம நாட்டில் பச்சைப் புள்ளி போட்டு விற்கும் சீஸை நுண்ணுயிரியிலிருந்து எடுத்த நொதியால் திரிக்கிறார்கள். தங்கசாலைத் தெருக் கடைகளில் வாங்கினாலும் புள்ளியைப் பார்த்தே வாங்குங்கள். பீட்சாக் கடையில் மேலே தூவும் பொடியைப் பற்றியும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

உங்களுக்கு நான் சொல்வது இத்தாலியில் ஜெனோவா பக்கத்து அடை, ஃபரினாட்டா என்று பேர். கடலை மாவு, தண்ணீர், எண்ணெய், உப்பு, அவ்வளவுதான். சீஸும் இல்லை, முட்டையும் இல்லை. ஒரு பங்கு மாவுக்கு மூன்று பங்கு தண்ணீர் விட்டு, நீர்மோர் பதத்துக்குக் கட்டியில்லாமல் கரையுங்கள். நாலைந்து மணி நேரம் ஊறட்டும். மேலே நுரை கட்டும், அதை எடுத்துவிடுங்கள். இராத்திரி ஊறவைத்ததை நீங்கள் சாப்பிட மாட்டீர்கள், அதனால் காலையில் கரைத்தால் பொழுது சாய்வதற்குள் தட்டுக்கு வந்துவிடும். இரும்பு தோசைக்கல்லை நன்றாகக் காயவைத்து, தாராளமாக எண்ணெய் விட்டு, ஊற்றி மூடுங்கள். அடிப்பக்கம் சிவந்து ஓரம் மொறுமொறுவென்று சுருளும், நடு மெத்தென்று இருக்கும். அங்கே பெரிய செம்புத் தட்டில் ஊற்றி அடுப்புக்குள் தள்ளுவார்கள். மிளகு தூவிச் சூடாகச் சாப்பிடுங்கள், ஆறினால் ஒன்றுமில்லை.

உருளைக்கிழங்கை மசித்து உருட்டி வேகவைக்கும் நொக்கி கேட்கும் பிள்ளைகளுக்கு வாழைக்காயைத் தோலோடு வேகவைத்து மசித்து, கொஞ்சம் கோதுமை மாவு போட்டு உருட்டுங்கள். கொதிநீரில் மிதந்ததும் எடுத்து, தக்காளி, குடைமிளகாய், பெருங்காய சாஸில் புரட்டுங்கள்.

வீட்டில் ஓவன் அடுப்பு இல்லை. பாஸ்தாத் தகடுகளை அடுக்கிச் சுடும் லசான்யாவுக்கு வழி உண்டா?
– வாசகர், வியாசர்பாடி

லசான்யாவை விடுங்கள். சுட்டுத் துவையல் அரைக்கும் பெரிய கத்தரிக்காயை வில்லைகளாக அரிந்து, உப்புத் தடவி நீரை ஒற்றி, தோசைக்கல்லில் சில சொட்டு எண்ணெயில் சிவக்க வாட்டுங்கள். நேபிள்ஸில் எண்ணெயில் பொரிப்பார்கள், நமக்கு வேண்டாம். அடி கனத்த சட்டியில் தக்காளி சாஸ், கத்தரிக்காய், கொஞ்சம் சீஸ், திருநீற்றுப்பச்சிலை என்று அடுக்கி, மூடி, சிறுதீயில் கால் மணி நேரம். சப்ஜா விதையைத் தொட்டியில் தூவினால் அந்த இலை வீட்டிலேயே முளைக்கும்.

ஆலிவ் எண்ணெய் கட்டாயமா? விலையைக் கேட்டாலே தலை சுற்றுகிறது.
– வாசகி, திருவொற்றியூர்

கட்டாயமில்லை. வதக்குவதற்குக் கடலை எண்ணெய் போதும். செக்கு நல்லெண்ணெய் மட்டும் வேண்டாம், தக்காளியை அமுக்கிவிடும். ஆசைக்குச் சின்ன பாட்டில் ஒன்று வாங்கி, இறக்கிய பிறகு மேலே ஒரு ஸ்பூன் விடுங்கள். அந்த வாசம் அப்போதுதான் நிற்கும். பாட்டிலை அடுப்பு மேடையில் வைக்காதீர்கள். சூடும் வெளிச்சமும் பட்டால் சீக்கிரமே சிக்கு வாடை அடிக்கும்.