குதிரையின் ரத்த ரிப்போர்ட்டில் பிசிவி 52, பிலிருபினும் அதிகம்: கல்லீரல் கோளாறா?

உடனே அப்படி முடிவு செய்யாதீர்கள். பிசிவி என்பது ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்ற அளவு; பிலிருபின் என்பது கல்லீரல் வெளியேற்றும் மஞ்சள் நிறமி. ரத்தம் எடுத்தபோது குதிரை எப்படி இருந்தது? குதிரையின் மண்ணீரல் சிவப்பணுக்களைப் பெருமளவில் சேமித்து வைக்கும். ஊசியைக் கண்டு மிரண்டாலே அது சுருங்கி, அணுக்களை ரத்தத்தில் கொட்டிவிடும். ஓய்வில் சுமார் 32 முதல் 48 சதவீதம் வரை இருக்கும் பிசிவி, வேகமாக ஓடியபின் 60-ஐத் தாண்டலாம். உடலில் நீர் குறைந்தாலும் ஏறும். அப்போது பெரும்பாலும் மொத்தப் புரதமும் கூடவே ஏறும்.

அப்புறம் பிலிருபின். குதிரை ஓரிரு நாள் சரியாகத் தின்னாவிட்டாலே, கல்லீரல் நன்றாக இருந்தாலும் இது கூடும். ஜிஜிடி என்ற கல்லீரல் நொதியின் அளவையும் சேர்த்துப் பாருங்கள். ஆனால் ஏன் தின்னவில்லை என்பதை விட்டுவிடாதீர்கள், வயிற்றுவலியாகவும் இருக்கலாம். பெங்களூரில் இருந்தால், ஹெப்பாள் கால்நடை மருத்துவக் கல்லூரியில் காட்டுங்கள். லாயத்தில் அமைதியாக நிற்கும்போது மறுபடி ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள்.