சாரணர் படையில் பிள்ளையைச் சேர்க்கப் போகிறீர்களா? வேலூர்ப் பெற்றோரின் கேள்விகளும் பதில்களும்

பள்ளி திறந்த கொஞ்ச நாளிலேயே சாரணர் படைக்குப் பெயர் கேட்பார்கள். கூடவே பெற்றோரிடமிருந்து கேள்விகளும் கிளம்பிவிடும். வேலூர், காட்பாடி, குடியாத்தம், பேர்ணாம்பட்டுப் பக்கமிருந்து வந்தவற்றில் பலருக்கும் பயன்படுகிறவற்றை இங்கே எடுத்துக்கொண்டேன். பல வருடம் படை நடத்திய சாரண ஆசிரியர் என்ற முறையில் பதில் சொல்கிறேன். கிழமை, நேரம், கட்டணம் மட்டும் பள்ளிக்குப் பள்ளி மாறும். அதை அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

சார், பையனுக்குப் பதினொரு வயது, பெண்ணுக்கு எட்டு. இரண்டு பேரையும் ஒரே இடத்தில் சேர்க்கலாமா? (சத்துவாச்சாரியிலிருந்து ஒரு அம்மா)

ஒரே பள்ளியில் சேர்க்கலாம், ஆனால் பிரிவு வேறு. பத்து வயது வரை ஆண் பிள்ளைகள் குருளையர், பெண் பிள்ளைகள் நீலப்பறவையர். அதற்கு மேல் சாரணர், சாரணியர். கல்லூரி வயதில் திரிசாரணர், திரிசாரணியர் என்று இருபத்தைந்து வயது வரை தொடரலாம். உங்கள் பெண் இப்போது நீலப்பறவை. அவளுக்கு விளையாட்டும் கதையும்தான் பாடம். அண்ணன் முடிச்சுப் போடுகிறானே, இவள் போடவில்லையே என்று ஒப்பிட வேண்டாம்.

என்.சி.சி.யும் இதுவும் ஒன்றுதானே?

இல்லை. என்.சி.சி. பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் இயங்குவது, ராணுவப் பயிற்சியை ஒட்டியது. சாரணர் இயக்கம் 1907இல் பேடன் பவல் இங்கிலாந்தில் பிரவுன்சீ தீவில் சிறுவர்களை வைத்து நடத்திய முகாமிலிருந்து வளர்ந்தது. நம் நாட்டில் தனித்தனியாக இருந்த சங்கங்கள் 1950 நவம்பர் 7 அன்று இணைந்து பாரத சாரணர் இயக்கமாயின. மறு ஆண்டு சாரணியரும் சேர்ந்தார்கள். இங்கே துப்பாக்கி கிடையாது. அணிவகுப்பு உண்டு, ஆனால் அது ஒரு சின்னப் பகுதி.

சீருடைக்கு எவ்வளவு ஆகும்? உடனே வாங்க வேண்டுமா? (தொரப்பாடி, ஆட்டோ ஓட்டுநர்)

உடனே வாங்காதீர்கள் தம்பி. இதை அழுத்திச் சொல்கிறேன். ஏனென்றால் கடன் வாங்கிச் சீருடை தைத்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். பிள்ளை முதலில் பிரவேஷ் என்ற நுழைவு நிலையை முடிக்க வேண்டும். அப்புறம் உறுதிமொழி ஏற்பு விழாவில்தான் ஸ்கார்ஃபும் உறுப்பினர் சின்னமும் போட்டுவிடுவார்கள். அதுவரை பள்ளிச் சீருடையே போதும். அந்த மாதங்களில் பிள்ளைக்கு இது பிடிக்கிறதா என்றும் தெரிந்துவிடும்.

சாம்பல் நிறச் சட்டை, கருநீலக் கால்சட்டை, தொப்பி என்று வாங்கும்போது கால்சட்டையில் இரண்டு அங்குலம் மடித்துத் தைக்கச் சொல்லுங்கள். மேல் வகுப்புப் பிள்ளைகளின் பழைய சீருடை கிடைத்தால் தாராளமாக வாங்குங்கள். ஸ்கார்ஃப் மட்டும் உங்கள் படையின் நிறத்தில் இருக்க வேண்டும். எந்தப் பணம் கட்டினாலும் ரசீது வாங்குங்கள்.

பிள்ளையை விட்டுவிட்டுப் போனால் போதுமா, நாங்களும் இருக்க வேண்டுமா?

இருக்க வேண்டாம். நேரத்துக்கு விட்டு, நேரத்துக்கு அழைத்துப் போங்கள். கொடியேற்றம் ஐந்து மணிக்கு என்றால் ஐந்து மணிக்கு அணி முழுவதும் வரிசையில் நிற்கும். ஒரு பிள்ளை தாமதமாக ஓடி வந்தால் அந்த அணித்தலைவனுக்குத்தான் புள்ளி குறையும், அவனுக்கும் பன்னிரண்டு பதிமூன்று வயதுதான். வர முடியாத வாரம் முன்கூட்டியே சொல்லி அனுப்புங்கள். வேலியோரம் நின்று "சட்டையை உள்ளே விடுடா" என்று குரல் கொடுப்பது வேண்டவே வேண்டாம்.

எங்கள் தெருப் பையன்கள் இருக்கும் அணியிலேயே என் மகனைப் போட முடியுமா? கண்டவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டு அவனுக்குப் பழக்கமில்லை. (குடியாத்தம் பக்கம்)

முடியாது ஐயா. கேள்வியின் பொருள் எனக்குப் புரிகிறது, அதனால் நேராகவே சொல்லிவிடுகிறேன். ஆறு முதல் எட்டுப் பேர் கொண்டதுதான் ஓர் அணி. விறகு பொறுக்குவது, சோறு வடிப்பது, பாத்திரம் கழுவுவது எல்லாம் அவர்களுக்குள் சுற்றி வரும். இன்று உங்கள் மகன் பரிமாறினால் நாளை இன்னொருவன் பரிமாறுவான். சாரணர் சட்டத்தில் ஒன்று, சாரணன் எல்லோருக்கும் நண்பன், மற்ற எல்லாச் சாரணருக்கும் சகோதரன் என்பது. தெரு பார்த்து, சாதி பார்த்து அணி பிரித்தால் அந்தச் சட்டத்தைப் பிள்ளைகள் முன்னால் சொல்லும் தகுதி எனக்கு இல்லாமல் போய்விடும்.

முகாமில் முதல் நாள் மதியம் தட்டை எடுத்துக்கொண்டு தனியாக ஒதுங்கும் பிள்ளைகள் உண்டு. அவர்களை யாரும் கடிந்துகொள்வதில்லை. அணித்தலைவன் போய், "வாடா, கரண்டி பிடிக்க ஆள் இல்லை" என்று கூப்பிடுவான். மறுநாள் காலை அதே பிள்ளை உப்புமாவில் கடுகு தாளிப்பது யார் என்று சண்டை போட்டுக்கொண்டிருப்பான். அவன் தடையில்லாமல் கலந்துகொள்வான். அவன் திரும்பி வந்ததும் யாரோடு சாப்பிட்டாய் என்று விசாரிக்காமல் இருங்கள், அது போதும்.

உறுதிமொழியில் கடவுள் என்று வருகிறதே, எந்தக் கடவுள்? என் மகள் சல்வார் போடலாமா? (பேர்ணாம்பட்டு, ஒரு அம்மா)

அவரவர் கடவுள்தான். அந்தச் சொல் வேண்டாம் என்பவர்கள் 'தர்மம்' என்று சொல்லவும் விதியிலேயே இடமுண்டு. முகாம்களில் சர்வ சமயப் பிரார்த்தனை நடக்கும். எல்லா மதத்தின் வணக்கமும் அதில் வரும். சாரணியர் சீருடையில் சல்வார் கமீஸ், துப்பட்டா உண்டு. தொழுகை நேரம், நோன்பு, சாப்பாட்டு விஷயம் எல்லாவற்றையும் முகாமுக்கு முன்பே சாரணியர் ஆசிரியையிடம் சொல்லிவிடுங்கள். அப்போதுதான் சமையல் பட்டியல் போடும்போது கவனிப்பார்கள்.

இறைவணக்கப் பாட்டும் கொடிப் பாட்டும் இந்தியில் இருக்கின்றனவே?

ஆமாம், இந்தியில்தான். தமிழ் எழுத்தில் எழுதி, பொருளும் சொல்லித்தான் கற்றுக்கொடுப்போம். மற்றபடி படை நடப்பது தமிழில்தான்.

பெண்ணை முகாமுக்கு அனுப்பப் பயமாக இருக்கிறது சார். போன் கொடுத்து அனுப்பலாமா? (காட்பாடி)

பயப்படுவது நியாயம்தான். 2024இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் போலி என்.சி.சி. முகாம் நடத்திச் சிறுமியிடம் கொடுமை செய்தவனை நாம் எல்லோரும் செய்தியில் பார்த்தோம். அதனால் கேள்வி கேட்கத் தயங்காதீர்கள். இந்தப் படை மாவட்டச் சங்கத்தில் பதிவானதா, இந்த ஆண்டு புதுப்பித்தார்களா, முகாமுக்குத் தலைமை ஆசிரியரின் எழுத்துப்பூர்வ அனுமதி உண்டா என்று கேளுங்கள். சாரணியர் முகாமில் பொறுப்பாளர் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும், இரவிலும் அங்கேயே தங்க வேண்டும். பெரியவர் ஒருவர் ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் தனியாக இருக்கவே கூடாது. இதையெல்லாம் கேட்டால் நல்ல ஆசிரியை முகம் சுளிக்க மாட்டார், சந்தோஷப்படுவார்.

பிள்ளையிடமும் பேசுங்கள். சங்கடமாக ஏதாவது நடந்தால் உடனே இன்னொரு டீச்சரிடம் சொல்ல வேண்டும், வீட்டில் யாரும் திட்ட மாட்டோம் என்று வாய்விட்டே சொல்லுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அவளுக்கு மனப்பாடம் ஆக்குங்கள். போன் வேண்டாம், ஆசிரியையின் எண் உங்களிடமும், உங்கள் எண் அவரிடமும் இருக்கட்டும்.

இன்னொன்று. ஏலகிரியோ அமிர்தியோ, எங்கே போனாலும் இரவில் குளிரும். வேலூர் வெயிலை நினைத்துக்கொண்டு போர்வை இல்லாமல் அனுப்பிவிடுகிறார்கள்.

மகனின் நற்செயல் டைரியை நானே எழுதிக் கொடுத்தேன். ஆசிரியர் திருப்பி அனுப்பிவிட்டார். கையெழுத்து அழகாகத்தானே இருந்தது? (பாகாயம், ஒரு அம்மா)

அழகாக இருந்ததுதான் காரணம் அம்மா. பிரவேஷில் வீட்டில் தினம் ஒரு நற்செயல் செய்து, ஒரு மாதம் டைரியில் எழுத வேண்டும். ஒரு பையன் டைரியில் பார்த்த வரிகள்: "ஆயாவுக்குக் கண்ணில் சொட்டு மருந்து விட்டேன். முதல் சொட்டு கன்னத்தில் விழுந்தது." எழுத்துப் பிழை இருந்தது, எண்ணெய்க் கறை இருந்தது. அவன் செய்திருக்கிறான் என்பதற்கு அதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை. "பெரியோர்க்குத் தொண்டு புரிந்தேன்" என்று முத்து முத்தாக எழுதிய டைரியிலிருந்து எனக்கு ஒன்றும் தெரிவதில்லை.

உங்கள் வேலை அவன் செய்ததைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது. செய்யாத நாளுக்குப் போடாமல் இருப்பதும் உங்கள் வேலைதான். ஷூ பாலிஷ் போடுவது, பொத்தான் தைப்பது, முகாம் பையில் துணி அடுக்குவது எல்லாம் அவனே செய்யட்டும். பையை நீங்கள் அடுக்கினால், ராத்திரி டார்ச் எந்த மூலையில் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது.

இதனால் மார்க்கோ வேலையோ கிடைக்குமா?

ரயில்வேயில் சாரணர் ஒதுக்கீடு உண்டு. குடியரசுத் தலைவர் விருது, தேசிய, மாநில நிகழ்ச்சிகளில் பங்கேற்பு, தொடர்ந்து இயக்கத்தில் இருப்பது எல்லாம் கேட்பார்கள். இடமும் குறைவு. பிரவேஷ், சோபான் என்ற மூன்று படிநிலைகள், ராஜ்ய புரஸ்கார் என்ற மாநில விருது என்று ஏறிக் குடியரசுத் தலைவர் விருதை எட்ட வருடக்கணக்கில் ஆகும். அதை மட்டும் நம்பிச் சேர்த்தால் பாதியில் சலித்துவிடும்.

பத்தாம் வகுப்பில் நிறுத்திவிடலாமா?

வாரம் ஒரு மணி நேரம் தானே. பொதுத்தேர்வுக்கு முந்தைய இரண்டு மாதம் விடுப்புக் கேளுங்கள், தருவார்கள். பெயரை எடுத்துவிட வேண்டாம்.

மகனுக்கு வீசிங் இருக்கிறது. சொன்னால் சேர்க்க மாட்டார்களோ என்று மறைத்துவிட்டேன்.

இன்றைக்கே சொல்லிவிடுங்கள் அம்மா. யாரும் வெளியே அனுப்ப மாட்டார்கள். என்ன மருந்து, எவ்வளவு, எப்போது என்று ஒரு தாளில் எழுதி, டாக்டர் சீட்டின் நகலோடு ஆசிரியரிடம் கொடுங்கள். ஒரு இன்ஹேலர் பிள்ளையின் பையில், இன்னொன்று ஆசிரியரிடம். விறகடுப்புப் புகை அவனுக்கு ஆகாது என்று தெரிந்தால் அடுப்பு வேலைக்குப் பதில் கூடாரம் கட்டும் வேலை கொடுப்பார்கள். தெரியாவிட்டால் அவனைத்தான் அடுப்பு ஊதச் சொல்வார்கள்.

சேர்வதற்குள் வீட்டில் ஏதாவது பழக்கலாமா?

மூன்று மீட்டர் பருத்திக் கயிறு வாங்கிக் கொடுங்கள். முதலில் ரீஃப் முடிச்சு. வலது நுனியை இடதின் மேல் போட்டு ஒரு சுற்று, அப்புறம் இடது நுனியை வலதின் மேல் போட்டு ஒரு சுற்று. சரியாக வந்தால் நுனிகள் கயிற்றோடு ஒட்டிப் படுக்கும், தப்பினால் குறுக்கே நிற்கும். காயத்துக்குக் கட்டுப் போட இதுதான், தட்டையாக இருப்பதால் உறுத்தாது. நீங்களும் கூட உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள், ஆனால் கயிற்றை அவன் கையிலிருந்து வாங்காதீர்கள்.