தோள் வலிக்கிறதா? முதலில் கப்பியைக் கழற்றுங்கள்

கேள்வி: ஏற்காட்டில் காபி எஸ்டேட்டில் வேலை பார்த்த என் அப்பாவுக்கு (வயது 61) ஐந்து மாதத்துக்கு முன்பு இடப்பக்கம் வாதம் வந்தது. சேலம் அரசு மருத்துவமனையில் சிகிச்சை எடுத்தோம். இப்போது பிடித்துக்கொண்டால் பத்தடி நடக்கிறார். கை மடங்கியே இருக்கிறது. தோள்வலியில் ராத்தூக்கம் இல்லை. உறவினர் ஒருவர் சொன்னார் என்று கதவு நிலையில் கப்பி மாட்டி, நல்ல கையால் கயிற்றை இழுத்து வாதக் கையைத் தூக்க வைக்கிறோம். அமுக்கிப் பழகப் பந்தும் கொடுத்திருக்கிறோம். வாரம் மூன்று நாள் மலையிறங்கி பிசியோதெரபிக்கு வர முடியவில்லை. ஆறு மாதம் தாண்டினால் இனி எதுவும் வராது என்கிறார்களே, உண்மையா?

பதில்: கப்பியை இன்றைக்கே கழற்றிவிடுங்கள். வலியை வளர்ப்பது பெரும்பாலும் அதுதான்.

தோள் மூட்டின் கிண்ணம் ஆழமில்லாதது. சுற்றியுள்ள தசைகள் பிடித்துக்கொண்டிருப்பதால்தான் கை எலும்பின் உருண்டை அதில் நிற்கிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு கை மட்டும் ஏறக்குறைய 3 கிலோ இருக்கும். தசை தளர்ந்ததும் அந்தப் பாரம் மூட்டைக் கீழே இழுக்கிறது. அப்பாவை உட்காரவைத்து, தோள் முனைக்குச் சற்றுக் கீழே விரலை வைத்துப் பாருங்கள். ஒரு விரல் பதியும் பள்ளம் தட்டுப்பட்டால் மூட்டு இறங்கியிருக்கிறது. கையை மேலே தூக்கும்போது முதுகுப்பக்கத் தோள்பட்டை எலும்பும் கூடவே சுழல வேண்டும். கப்பி கையை மட்டும் தூக்கும், அந்த எலும்பு அசையாது. நடுவில் இருக்கும் தசைநார்கள் நசுங்கும்.

இனி யாரும் அந்தக் கையைப் பிடித்து இழுக்கவோ, அக்குளில் கைகொடுத்துத் தூக்கவோ கூடாது. எழுப்பும்போது ஒரு கையை அவருடைய தோள்பட்டை எலும்பின் மேலும் மற்றொன்றை இடுப்பிலும் வையுங்கள். உட்கார்ந்திருக்கும்போது வாதக் கை மடியிலோ பக்கத்திலோ தலையணைமேல் இருக்கட்டும், தொங்கக் கூடாது. தூளி மாதிரி கட்டும் பட்டை நடக்கும்போது மட்டும் போதும். நாள் முழுக்கக் கட்டினால் முழங்கை மடங்கியபடியே இறுகிவிடும். இரவில் வலப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, இடக்கையை மார்புக்கு முன்னால் தலையணைமேல் நீட்டி வையுங்கள்.

கப்பிக்குப் பதிலாக மேசைமேல் ஒரு துண்டு விரித்து, இரண்டு கைகளையும் அதன்மேல் வைத்து, நல்ல கை துணையோடு முன்னால் தள்ளி, உடம்போடு சாய்ந்து திரும்ப வரட்டும். 10 முறை, நாளைக்கு மூன்று வேளை. கட்டைவிரல் மேலே பார்த்திருக்க வேண்டும், கை தோள் உயரத்தைத் தாண்டக் கூடாது. வலித்தால் அதற்கு முன்பே நிறுத்துங்கள். ‘வலியைப் பொறுத்தால்தான் சரியாகும்’ என்பது இந்தத் தோளுக்குப் பொருந்தாது.

பந்தும் இப்போது வேண்டாம். அவருக்கு விரல் மூடத் தெரிகிறது, திறக்கத்தான் வரவில்லை. விரல் கொஞ்சமாவது நிமிர்ந்தால், முறத்தில் காபிக் கொட்டையைப் பரப்பி ஒவ்வொன்றாக எடுத்துக் கிண்ணத்தில் போடச் சொல்லுங்கள். பல வருடம் பழகிய வேலை என்பதால் சலிக்காமல் செய்வார். மூளை புது வழி கண்டுபிடிக்க, அர்த்தமுள்ள ஒரே அசைவை ஒரு நாளில் நூற்றுக்கணக்கான முறை செய்ய வேண்டியிருக்கிறது.

கால் விஷயத்தில் எனக்கு அதிக நம்பிக்கை இருக்கிறது. சக்கரமில்லாத, ஒன்றரை அடி உயர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். பாதங்கள் முட்டிக்குச் சற்றுப் பின்னால், வாதக் கால் இன்னும் கொஞ்சம் பின்னால். மூக்கு பாதநுனியைத் தாண்டும்வரை குனிந்து, பிறகு எழச் சொல்லுங்கள். எல்லாரும் தவறுவது இங்கேதான்: குனியாமல் நேராக எழப் பார்த்து, தொப்பென்று பின்னால் விழுகிறார்கள். உட்காரும்போது நான்கு எண்ணும் நேரம் எடுக்கட்டும். ஒரு வேளைக்கு 5 முறை தொடங்கி 10 ஆக்குங்கள். எழ முடியாவிட்டால் மடித்த கம்பளி போட்டு உயர்த்துங்கள். நீங்கள் இடப்பக்கம் நில்லுங்கள். கைத்தடி வலக்கையில், மணிக்கட்டு மடிப்பு உயரம். முதலில் தடி, அடுத்து இடக்கால், பிறகு வலக்கால். பாதநுனி தரையில் உரசினால் கணுக்காலுக்கு பிளாஸ்டிக் தாங்கி வேண்டியிருக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இடப்பக்கம் வாதம் வந்தவர்களில் சிலருக்கு அந்தப் பக்கமே மனதில் உறைக்காது. தட்டில் இடப்புறச் சோற்றை அப்படியே விட்டுவிடுகிறாரா, இடது கதவு நிலையில் இடித்துக்கொள்கிறாரா? அப்படியென்றால் நீங்கள் இடப்பக்கம் உட்கார்ந்து பேசுங்கள், தண்ணீர் டம்ளரையும் அந்தப் பக்கம் வையுங்கள்.

மலைக்குளிரில் தசை இறுக்கம் கூடும். வெயில் வந்த பிறகு, வெந்நீர்க் குளியல் முடித்துப் பயிற்சி செய்யுங்கள். உணர்ச்சி குறைந்த கைக்குச் சூடு தெரியாது, அதனால் வெந்நீரை நீங்கள் தொட்டுப் பார்த்தே ஊற்றுங்கள். கொதிக்கும் எண்ணெய், புறா ரத்தம், சொடுக்கி இழுப்பது எதுவும் வேண்டாம். இறுக்கம் திடீரென்று கூடினால் மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, படுக்கைப்புண் இருக்கிறதா என்று பாருங்கள். இவையும் காரணமாக இருக்கலாம்.

ஆறு மாதக் கணக்கு உண்மையில்லை. முதல் மூன்று மாதத்தில் வேகம் அதிகம், பிறகு குறையும், நிற்காது. 2006-ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், வாதம் வந்து 3 முதல் 9 மாதமானவர்களின் நல்ல கைக்கு உறை மாட்டி, பலவீனமான கையை இரண்டு வாரம் தீவிரமாக வேலை வாங்கினார்கள். அவர்களின் கை நன்றாகவே தேறியது. ஆனால் மணிக்கட்டும் விரலும் ஓரளவு தாமாக நிமிர்ந்தவர்களுக்குத்தான் அது செய்யப்பட்டது.

வாரம் மூன்று முறை 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி ஏற வேண்டாம். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருவதும் உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்துவையுங்கள். ரத்த அழுத்த மாத்திரையை ஒரு நாளும் விடாதீர்கள். அவர் அடிக்கடி அழுதாலோ, பயிற்சியே வேண்டாமென்று திரும்பிப் படுத்தாலோ அது சோம்பல் அல்ல. வாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது, அதற்கும் மருந்து உண்டு. புதிதாக வாய் கோணினாலோ பேச்சு குழறினாலோ உடனே 108. ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசிக்கு நான்கரை மணி நேரம்தான் அவகாசம்.

அடுத்த முறை சேலம் வரும்போது, அவர் எழுவதையும் நடப்பதையும் பக்கவாட்டிலிருந்து போனில் வீடியோ எடுத்து வாருங்கள். தோளைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். விரல்கள் திறக்கவே முடியாத அளவு இறுகியிருந்தால், தசையைத் தளர்த்தும் போட்டுலினம் ஊசி பொருந்துமா என்றும் கேளுங்கள். அதன் பலன் மூன்று மாதம் போல இருக்கும், அந்த நாட்களில்தான் கைப்பயிற்சியை இரட்டிப்பாக்க வேண்டும்.