முள் உதிர்க்கும் கடல் முள்ளெலிக்கு டானிக் எதற்கு?

கேள்வி: 200 லிட்டர் ரீஃப் தொட்டி (பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி) வைத்திருக்கிறேன். மூன்று வாரத்துக்கு முன் வாங்கிய டக்சிடோ அர்ச்சின் என்ற கடல் முள்ளெலி தினமும் நாலைந்து முட்களை உதிர்க்கிறது. நாளுக்கு ஒரு லிட்டர் நீர் ஆவியாகிறது; கலந்து வைத்த உப்புநீரால் நிரப்பிவிடுகிறேன். அயோடினும் கால்சியமும் ஊற்றச் சொல்கிறார் கடைக்காரர். ஊற்றலாமா?

பதில்: ஊற்றாதீர்கள். கோளாறு உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. ஆவியாவது வெறும் தண்ணீர்; உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். அதன் மேல் தினமும் ஏறக்குறைய 35 கிராம் உப்பைச் சேர்த்துக்கொண்டே வந்திருக்கிறீர்கள். 35 பிபிடியில் (லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு) தொடங்கியிருந்தால் 21 நாளில் 38.7 ஆகியிருக்கும். மீன் தாக்குப்பிடித்துவிடும். முள்ளெலியின் உடலுக்குள் உப்பைச் சரிக்கட்டும் ஏற்பாடு கிடையாது. வெளியே ஏறினால் உள்ளேயும் ஏறும்.

முதலில் ரிஃப்ராக்டோமீட்டர் என்ற உப்பளவு காட்டும் கருவியால் அளந்து பாருங்கள். அதையும் 35 பிபிடி அளவுக்கரைசலை வைத்துத்தான் திருத்த வேண்டும், வெறும் ஆர்ஓ நீரை வைத்து அல்ல. காட்டிமுள் ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரில் ஒரு காற்றுக்குமிழி ஒட்டினாலே கணக்கு பொய்யாகிவிடும். அளவு நான் சொன்னதுபோல் இருந்தால், நாளுக்கு 5 லிட்டர் தொட்டிநீரை எடுத்துவிட்டு அதே அளவு ஆர்ஓ நீர் விடுங்கள். ஒரு நாளில் சுமார் 1 பிபிடி இறங்கும். நாலே நாளில் 35. அவசரப்பட்டு ஒரே நாளில் இறக்கினால் மிச்ச முள்ளும் போய்விடும். ஆவியான நீருக்கு இனி உப்பில்லாத ஆர்ஓ நீர் மட்டும், தினமும்.

கால்சியம் யோசனை கேட்க நியாயமாகத்தான் இருக்கும், மேலோடும் முள்ளும் கால்சியம் கார்பனேட் ஆயிற்றே! ஆனால் கால்சியம் 400–450 பிபிஎம், காரத்தன்மை 8–10 டிகேஎச் இருந்தால் அதற்கு மேல் எதுவும் தேவையில்லை. சோதனைக் கிட் இல்லாமல் புட்டியைத் திறக்கவே கூடாது. அயோடின் கூடினால் அதுவே விஷம். முள்ளெலியை விற்றவரே மருந்தையும் விற்கிறார் என்பதை யோசியுங்கள்.

தொட்டியிலோ கல்லிலோ எப்போதாவது செப்பு கலந்த மீன் மருந்து பட்டதுண்டா? பட்டிருந்தால் முள்ளெலிக்கு அங்கே இடமில்லை. கடைப் பையில் வரும் நீரையும் தொட்டியில் கொட்டாதீர்கள். பல கடைகளில் மீன் தொட்டிக்கும் இதற்கும் ஒரே நீர்தான் ஓடுகிறது.

அடுத்தது பசி. பாசி தீர்ந்த தொட்டியில் முள்ளெலி உடனே சாகாது, மாதக்கணக்கில் மெலியும். உப்போ மசாலாவோ சேராத நோரி தாளில் (உலர்ந்த கடற்பாசித் தாள்) 5 செ.மீ. சதுரம் வெட்டி, வாரம் மூன்று முறை முள்ளெலியின் அடியில் செருகுங்கள். வாய் கீழே இருக்கிறது. மேலே மிதக்கவிட்ட தாள் மீனுக்குத்தான் போகும்.

ஒரு விலக்கு. பென்சில் அர்ச்சின் என்ற தடித்த முள் இனத்தில் பெரிய முட்கள் மொட்டையாக, பாசியும் சுண்ணமும் படிந்து அழுக்காகத் தெரியும். அது நோயல்ல. வளர்ந்த முள்ளின் மேல் அந்த இனத்துக்குத் தோலே கிடையாது. எது வேண்டுமானாலும் அதில் ஒட்டி வளரும். பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். ஆனால் முள் அழுக்காவது வேறு, உதிர்வது வேறு. உதிர்ந்தால் பென்சிலுக்கும் இதே சோதனைகள்தான். பென்சில் அர்ச்சினைப் 'பவளத்துக்கு ஆபத்தில்லாதது' என்று சொல்லி விற்பதும் நடக்கிறது. இது ஸ்பாஞ்சையும் கடிக்கும், பவளத்தையும் விடாது.

பிடிப்பவர், ஏற்றுமதியாளர், மொத்த வியாபாரி, கடை என்று ஒவ்வொரு கையிலும் பை மாறுகிறது, நீர் மாறுகிறது. பல சீட்டுகளில் அறிவியல் பெயர் இருக்காது, பிடித்த தேதியும் இருக்காது. கேட்டால் 'நேற்றுதான் வந்தது' என்று பெருமையாகச் சொல்வார்கள். நேற்று வந்ததை வாங்கவே வாங்காதீர்கள். இரண்டு வாரம் கடையிலேயே நிற்கட்டும். முள்ளைத் தொட்டால் அந்தப் பக்கம் சாய வேண்டும், குழாய்க்கால்கள் நீண்டு கண்ணாடியைப் பற்றியிருக்க வேண்டும், தொட்டியின் அடியில் முள் கிடக்கக் கூடாது.

உங்களுடையது இன்னும் கண்ணாடியில் ஏறுகிறதென்றால், தோல் புண்ணாகாத இடங்களில் முள் திரும்ப முளைக்கும். பிடித்து இழுக்காதீர்கள், குழாய்க்கால்கள் அறுந்துவிடும். மல்லாந்து விழுந்து சில மணி நேரத்துக்குப் பிறகும் புரள முடியவில்லையென்றால், தொட்டிநீர் நிரப்பிய தனிப் பாத்திரத்துக்கு மாற்றிக் காற்றுக்குழாய் வையுங்கள். உள்ளேயே செத்தால் அமோனியா ஏறி மற்ற உயிர்களையும் கொண்டுபோய்விடும்.