வாசல்ல வண்டியில உக்காந்திருக்கற பையன்

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் திருப்பூருங்க, பனியன் கம்பெனில செக்கிங் வேல. வீட்டுக்காரரு 2021 கொரோனாவுல தவறிட்டாரு. சர்ச்சே உபவாச ஜெபம் பண்ணுச்சு, காப்பாத்த முடியல. துக்கம் கேக்க வந்த பாஸ்டர் "விசுவாசம் கொஞ்சம் கொறஞ்சிருச்சு"ன்னாரு, பையன் பக்கத்துலயே நின்னுட்டிருந்தான். இப்ப காலேஜ் படிக்கறான், கடவுளே இல்லீங்கறான். ஞாயித்துக்கெழம என்னய வண்டில கொண்டாந்து உடுவான், ஆராதன முடியற வரைக்கும் வாசல்லயே போன் பாத்துட்டு உக்காந்திருப்பான், உள்ள வரமாட்டான். அவன் ஃப்ரெண்டு ஒரு கறுப்புச்சட்ட, வீட்டுக்கு வந்தா "உங்க சர்ச்சுலயும் சாதி இருக்குதுல்லம்மா"ங்கறான். இவங்களுக்கு என்னன்னுங்ணா பதில் சொல்றது?

ஒரு வாசகி

அம்மிணி,

கடவுள் இருக்காரா இல்லையாங்கறது உங்க பையனுக்கு ரெண்டாவது பிரச்சனைங்க. மொத பிரச்சன அந்தப் பாஸ்டர் சொன்ன ஒத்த வார்த்த. அப்பன் செத்து கெடக்கற வீட்டுல, நீங்க சரியா நம்பாததுனாலதான் போயிட்டாருன்னு காதுல விழுந்தா எந்தப் பையன் உள்ள வருவான், நானா இருந்தாலும் வண்டிலயேதான் உக்காந்திருப்பேன்.

பைபிள்ல யோபுன்னு ஒரு நல்ல மனுசன், சொத்தயும் புள்ளைகளயும் ஒரேயடியா எழந்துட்டாரு. அந்தக் கதையில மூணு ஸ்நேகிதருக வந்து ஏழு நாள் ராப்பகலா அவருகூட தரையில உக்காந்திருந்தாங்க, ஒருத்தரும் வாயத் தொறக்கல. அதுவரைக்கும் நல்ல மனுசருகதான். பேச ஆரம்பிச்சதும் போச்சு, நீ என்னமோ பாவம் பண்ணிருக்கறன்னு அதிகாரம் அதிகாரமா பேசறாங்க, கடசில கடவுளுக்குக் கோவம் வந்தது பொறந்த நாளையே சபிச்ச யோபு மேல இல்ல, கடவுளுக்காக வக்காலத்து வாங்குன இந்த ஸ்நேகிதருக மேல. நம்ம ஆளுக மொத அதிகாரத்துல இருக்கற "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்"ங்கறத மட்டும் துக்க போஸ்டர்ல அடிச்சுப்போட்டு மிச்ச நாப்பத்தியொரு அதிகாரத்தப் பொரட்டறதே இல்ல.

இயேசுவோட சீசரு தோமாவயும் சந்தேகத் தோமான்னு இன்னிக்கும் கிண்டல் பண்றோம். ஆனா யோவான் 20 எடுத்துப் பாருங்க, செத்த இயேசு உசுரோட எழுந்தாருங்கறத அவரு காயத்துல வெரல உட்டாத்தான் நம்புவேன்னு சொல்லி எட்டு நாள் கழிச்சும் தோமா மத்த சீசருககூட அதே பூட்டுன வீட்டுக்குள்ளதான் இருக்காரு. யாரும் வெளிய அனுப்பல, அவரும் போகல. உங்க பையனும் எங்கயும் போயிடல. லீவு நாள்ல தூக்கத்த உட்டுப்போட்டு உங்களக் கொண்டாந்து உட்டுட்டு வெயில்ல உக்காந்திருக்கறான். அதுக்குன்னு அவன் மனசுக்குள்ள விசுவாசம் ஒளிஞ்சிருக்குதுன்னு கணக்குப் போட்டறாதீங்க, அது உங்க மேல இருக்கற பாசம், அதப் பாசமாவே வெச்சுக்கோங்க.

அவன் கேக்காம வசனம் சொல்லோணும்னு இல்லீங்க. விசாரிச்சுக் கேக்கறவங்களுக்குப் பதில் சொல்ல ரெடியா இருங்க, அதயும் சாந்தமா சொல்லுங்கன்னுதான் பேதுரு எழுதறாரு. வாட்ஸப் ஸ்டேட்டஸ்ல நரகத்தப் பத்திப் போடச் சொல்லல (நீங்க போடறீங்களோ என்னமோ, எங்க சொந்தக்காரங்க பூராப் பேரும் போடறாங்க). ஆராதன முடிஞ்சு வர்ற பெரியம்மாக்க "தம்பி உள்ள வந்தா என்ன கொறஞ்சா போயிருவ"ன்னு அவனக் குத்துனா நீங்கதான் தடுக்கோணும். ஒருநா ராத்திரி சோத்தப் பெசஞ்சுட்டே அவனா "அத்தன பேரு ஜெபம் பண்ணியும் அப்பா ஏம்மா செத்தாரு"ன்னு கேட்டா, "தெரியல சாமி"ன்னு சொல்லுங்க. உங்களுக்கும் தெரியாதுதானுங்க?

அந்தக் கறுப்புச்சட்டத் தம்பி விசயம் வேற. நான் ஈரோட்டுக்காரன், பெரியார் பொறந்த ஊரு, நாத்திகம் பேசறவங்க எங்களுக்குப் புதுசில்ல, அவங்ககூட டீ குடிச்சுத்தான் வளந்தோம். அவன் கேக்கற கேள்வி நெசம். திருச்சி மேலப்புதூர்ல கிறிஸ்தவங்க கல்லறத் தோட்டத்துக்குள்ளயே தலித்துகளத் தனியாப் பிரிச்சு செவுரு கட்டி வெச்ச கத ஊரறிஞ்சது. அவ்வளவு தூரம் எதுக்கு, ஞானஸ்நானம் எடுத்த வீட்டுலயே பொண்ணு பாக்கறப்ப மொதல்ல எதக் கேக்கறோம்? அவன்கிட்டப் போயி கலாத்தியர் 3:28ஐக் காட்டி எங்களுக்குள்ள பேதமே இல்லீன்னா சிரிப்பான், சிரிக்கத்தான் செய்யோணும். "ஆமா தம்பி, இருக்குது, தப்புதான்"னு சொல்லிட்டு காப்பித்தண்ணி குடுங்க. அவன மாத்தறது உங்க வேலையில்ல, அவன் உங்க பையனோட ஃப்ரெண்டு, அவ்வளவுதான்.

நீங்க பதில் கேக்க வேண்டிய ஆளு இன்னொருத்தரு இருக்காருங்க. பையனக் கூட்டிட்டுப் போகாம நீங்க மட்டும் அந்தப் பாஸ்டரப் போயிப் பாருங்க. அன்னிக்குச் சொன்ன வார்த்த எங்க பையன இங்க கொண்டாந்து உட்ருச்சுங்கன்னு நேராச் சொல்லுங்க. அவருக்கு மனசு இருந்தா அடுத்த ஞாயித்துக்கெழம அவரே வாசலுக்கு வந்து பையன்கிட்டப் பேசட்டும், உள்ள வான்னு கூப்படறதுக்கு இல்ல, மன்னிப்புக் கேக்கறதுக்கு.